கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

நம் ஊரில் ஒரு பொருளுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச நற்சான்று, "கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பதுதான். அரிசி மூட்டைக்குச் சொல்வார்கள், மனைக்குச் சொல்வார்கள், மாப்பிள்ளைக்குக்கூடச் சொல்வார்கள். அதிலெல்லாம் பெரிய வீரம் இல்லை. கண்ணால் பார்ப்பதற்கென்றே வாங்குகிற ஒரு பொருளைக் காட்டி அதே வாக்கியத்தைச் சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். வீட்டுக்குள் சினிமா காட்டும் புரொஜெக்டரை விற்பவர்களிடம் அந்தத் துணிச்சலைக் கண்டேன். கண்டேன் என்று சொல்வதுகூடத் தவறு. என் கண்ணுக்கு அவர்கள் வேலையே வைக்கவில்லை. அந்த உபகாரத்துக்கு நன்றி சொல்லாமல் போனால் நான் மனிதனே இல்லை.

கடையின் பெயர் வேண்டாம். நல்லது செய்பவர்கள் பெயருக்கு ஆசைப்படுவதில்லை. கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓர் இருட்டறை. சுவரெல்லாம் கறுப்புத் துணி, தரையில் கறுப்புக் கம்பளம், உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் சோபா, பல் கிட்டித்துப்போகும் ஏசி. திரையில் ஒரு பஞ்சவர்ணக்கிளி மெதுவாகச் சிறகை விரித்தது. அடுத்து, ஸ்ட்ராபெரிப் பழத்தின் மேல் தண்ணீர் தெறித்தது. அடுத்து மஞ்சள் மீன்கள். அடுத்து யாரோ யார் முகத்திலோ ஹோலிப் பொடி வீசினார்கள். மூன்று நிமிடத்தில் உலகத்தில் உள்ள எல்லா நிறமும் வந்து கும்பிட்டுவிட்டுப் போயின. விளக்கைப் போட்டார்கள்.

"எப்டி சார் இருக்கு?" என்றார் விற்பனைப் பிரிவுத் தம்பி.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி சீன் ஏதாவது போட்டுக் காட்டுங்களேன்."

"வெளிச்சமே இவ்ளோ நல்லா தெரியுது. இருட்டு தெரியாமப் போய்டுமா சார்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது. நான் தயங்கியதைப் பார்த்துத் தம்பி தோளருகே குனிந்து அந்த மந்திரத்தைச் சொன்னார்: "கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க சார். எங்க ஓனர் வீட்லயே இதுதான் ஓடுது." ஓனரின் கண்ணும் என் கண்ணும் ஒரே சாலையில் ஓடும் பஸ்கள் என்ற அந்தச் சமத்துவப் பார்வை என்னை உருக்கிவிட்டது. பில் போடச் சொன்னேன்.

பில் தயாராகும் நேரத்தில் பக்கத்து அலமாரியை மேய்ந்தேன். பெட்டி மேல் எழுதுகிறவர்களின் இலக்கியத்தை நான் முதன்முதலில் படித்தது அங்கேதான். டிபன் டப்பா அளவில் ஒரு புரொஜெக்டர். பத்தாயிரம் ரூபாய்க்கும் கீழே. அதன் மேல் தங்க எழுத்தில் "12,000 லூமன்". திருப்பிப் பார்த்தால் அடாப்டர் 65 வாட். நல்ல எல்இடி பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அந்தக் கணக்கில் 12,000 லூமனுக்கு 120 வாட் வேண்டும். அதுவும் வெளிச்சம் பிறக்கும் இடத்தில். பிறந்த வெளிச்சம் உள்ளே இருக்கும் ஒற்றை எல்சிடி பலகையைக் கடக்கையில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் அனுமதிக்கும் தாளிடம் பாதிக்கு மேல் வரி கட்டும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை வண்ண வடிகட்டி வாங்கிக்கொள்ளும். இத்தனை பறிகொடுத்த பிறகும் 12,000 மிஞ்சுகிறது என்றால் மின்வாரியம் இவர்களை உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும். ஒரு 100 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 1,300 லூமன். ஒன்பது குண்டு பல்பை டிபன் டப்பாவுக்குள் அடைத்திருக்கிறார்கள். டப்பா சுடவும் இல்லை. ஆற்றலை ஆக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வெளிச்சத்தை அளக்க 1992இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு முறை வகுத்தது. திரையை ஒன்பது கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளக்க வேண்டும். சராசரி எடுத்துத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். அப்படி வந்த எண்ணோடு "ஆன்சி" என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். எவ்வளவு அலைச்சல்! அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட்டால் அளக்கிற வேலையே இல்லை. எந்த எண் மனசுக்குப் பிடிக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

அதே பெட்டியில் "4கே சப்போர்ட்" என்றும் இருந்தது. சப்போர்ட் என்றால் ஆதரவு. நம் அரசியலில் வெளியிலிருந்து ஆதரவு என்று ஒன்று உண்டே, அதே வகை. 4கே படம் என்பது 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். பெட்டிக்குள் இருக்கும் பலகையில் 1280க்கு 720, அதாவது 9,21,600. வகுத்துப் பாருங்கள், மிகச் சரியாக ஒன்பதில் ஒன்று. ஒன்பது பேருக்கு வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, உள்ளே ஒருவருக்கு மட்டும் இலை போடுவது. வரவேற்பில் குறை சொல்ல முடியுமா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1920க்கு 1080 என்ற கணக்கில் குட்டிக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு, வினாடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் அவற்றின் படத்தை நான்கு இடத்துக்கு நகர்த்தி, 4கே புள்ளிக் கணக்கைச் சரிக்கட்டுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். இது வெறும் உழைப்பு. இதில் நான் புகழ்வதற்கு ஒன்றும் இல்லை.

வாங்கும் முன் இணையத்தில் காணொளி விமர்சனங்கள் பார்த்தேனா என்று கேட்பீர்கள். பதினெட்டு பார்த்தேன். எல்லாம் படுக்கையில் படுத்தபடி என் செல்போனில். விமர்சகர் தம்பி ஒருவர் இருட்டறையில் புரொஜெக்டரை ஓடவிட்டுக் கேமராவில் பிடித்து, "பாருங்க மக்களே, பிளாக் எவ்வளவு டீப்பா இருக்கு!" என்றார். பார்த்தேன். மை மாதிரி கறுப்பு. அது என் செல்போன் திரையின் கறுப்பு என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. புரொஜெக்டரின் கறுப்பு கேமராவுக்குள் நுழைந்த இடத்திலேயே மாறிவிட்டது. மிச்சத்தை என் போன் மாற்றிக்கொண்டது. எதிர்வீட்டுச் சாம்பாரின் ருசியைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பெருமை எனக்கு உண்டு. அதே கேமரா, திரையில் யார் கண்ணுக்கும் தெரியாத வண்ணப் பட்டைகளையும் காட்டியது. தம்பி அதற்கும் விளக்கம் சொன்னார்: "அது கேமராவுல மட்டும்தான் அப்டித் தெரியுது, கண்டுக்காதீங்க." ஆக, கேமராவில் நன்றாகத் தெரிந்தால் புரொஜெக்டரின் சிறப்பு, நன்றாகத் தெரியாவிட்டால் கேமராவின் கோளாறு. இப்படி ஒரு நடுநிலை தராசுக்குக்கூட வராது.

நான் வாங்கிய பெட்டி வீட்டுக்கு வந்தது. 3,500 லூமன், ஆன்சிக் கணக்கிலேயே. மாறுபாடு 10,00,000:1. வெள்ளை, கறுப்பைவிடப் பத்து லட்சம் மடங்கு பிரகாசம். ஹால் சுவரில் நூறு அங்குலத்துக்குப் படம். முதல் படமாக "நாயகன்" போட்டோம். பி.சி. ஸ்ரீராம் நிழலாலேயே கதை சொன்ன படம். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியது. வந்தது 1987இல். அதே 1987இல்தான் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக், இலக்கமுறையில் இயங்கும் நுண்கண்ணாடிச் சில்லைக் கண்டுபிடித்தார். என் பெட்டிக்குள் இருப்பது அதன் வாரிசு. ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கண்ணாடிகள், லட்சக்கணக்கில், ஒவ்வொன்றும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சாய்ந்து நிமிர்கின்றன. கண்டுபிடித்தவருக்குப் பிற்பாடு ஆஸ்கர் மேடையிலும் மரியாதை கிடைத்தது. ஒரே ஆண்டில் பிறந்த இருவரையும் என் ஹாலில் சந்திக்க வைத்த பெருமிதத்தோடு உட்கார்ந்தேன்.

படத்தில் நள்ளிரவு. அந்த நள்ளிரவின் வெளிச்சத்தில் என் மனைவி, தரையில் விழுந்த கம்மல் திருகைத் தேடி எடுத்தாள்.

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் வீசுவது மட்டும்தான். கறுப்பு வேண்டிய இடத்தில் வீசாமல் இருக்க முயற்சி செய்யும். முயற்சியில் தவறியது கசிந்து சுவரில் சாம்பலாகப் படியும். அதன் மேல் அறையின் வெளிச்சமும் சேரும். பத்து லட்சம் என்ற எண், படம் முழுவதும் கறுப்பாகும்போது விளக்கையே மங்கவைத்து எடுத்த எண். ஒரே காட்சியில் விளக்கும் இருட்டும் சேர்ந்திருந்தால் அந்த வித்தை பலிக்காது. ஒரு டியூப் லைட் எரிய, சுவரில் 100 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். 3,500 லூமனை அதில் பரப்பினால் சுமார் 1,270 லக்ஸ். வெள்ளையில் இரண்டும் சேர்ந்து 1,370. கறுப்பில் டியூப் லைட்டின் 100. பத்து லட்சம், சுமார் பதினாலாக வந்து நிற்கும். மீதி 9,99,986ஐ டியூப் லைட் ஸ்விட்சைத் தட்டியே செலவழித்த ஊதாரி நான்தான். பெட்டி என்ன செய்யும்?

விளக்கை மங்கவைக்கும் அந்த வித்தைக்கும் ஒரு தனி அழகு உண்டு. இருட்டுக் காட்சியில் யாராவது தீக்குச்சி உரசினால், பெட்டி ஒரு கணம் யோசிக்கும். "உரசினாரா? ஆமாம், உரசினார் போலிருக்கிறது." பிறகு மொத்தத் திரையும் மெல்லப் பொங்கி எழும். தீக்குச்சி அணைந்த பிறகு அதே நிதானத்தோடு அடங்கும். எதையும் ஆற அமரச் செய்யும் குணம் இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது?

வண்ணத்தைப் பற்றி என் மனைவி பேசட்டும். மறுநாள் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டோம். நிச்சயதார்த்தக் காட்சி வந்ததும், "என்னங்க, இது யாரோட புடவை?" என்றாள். "உன்னோடதுதான்." எழுந்து போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அந்த மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவையை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கையில் மாம்பழம், சுவரில் கடுகு. காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் சுழலும் வண்ணச் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நிறமே இல்லாத ஒரு பகுதியும் இருக்கிறது. அது வெள்ளைக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டும். 3,500 என்பது வெள்ளையில் எடுத்த எண். வெள்ளை அப்படிக் கொழிக்கும்போது பக்கத்தில் நிற்கும் நிறங்கள் சோகை பிடித்தாற்போல் தெரியும். அதில் முதலில் அடி வாங்குவது மஞ்சள். ஆனால் ஒரு புடவையை இரண்டாகக் காட்டும் பெட்டியைப் பாராட்டாத கணவன் யார்? கடுகு நிறத்தில் ஒன்று எடுக்கும் செலவு மிச்சம்.

இனி வானவில். இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றிவந்தேன்.

அப்பாவுக்காக "அந்த நாள்" போட்டோம். 1954இல் ஏவிஎம் எடுத்த, பாட்டே இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். எழுத்துப் போடும்போதே மகள், "அப்பா, இது கலர் படமா?" என்றாள். ஒவ்வொரு வெள்ளை எழுத்தின் ஓரத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வால் முளைத்து மறைகிறதாம். நான் முறைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அருகில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "நீங்க முறைக்கிறீங்கப்பா. சும்மா இங்கேர்ந்து அங்க பாருங்க" என்றாள். பிறகு எழுந்துபோய், வெளிச்சக் கற்றைக்கு நடுவே ஐந்து விரலையும் விரித்து வேகமாக ஆட்டினாள். அப்போது எனக்கும் தெரிந்தது. சுவரில் ஆடிய விரல் நிழல்களின் ஓரமெல்லாம் சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் பிய்ந்தன. கல்யாண வீட்டு வாசலில் தொங்கும் ஜிகினாத் தாள் மாதிரி.

ஒற்றைச் சில்லுப் பெட்டி மூன்று வண்ணத்தையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. சிவப்புப் படம், பச்சைப் படம், நீலப் படம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வீசும், மூளை சேர்த்துக்கொள்ளும். என் பெட்டியின் சக்கரம் வினாடிக்கு 120 சுற்று. நான்கு பகுதி என்றால் ஒரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் இரண்டு மில்லி வினாடி. கண் அசையாமல் இருந்தால் மூன்றும் விழித்திரையில் ஒரே இடத்தில் விழும். ஆனால் கண் சும்மா இருக்காது, தாவிக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 300 பாகை வேகத்தில் தாவுகிறது என்று கொள்வோம். இரண்டு மில்லி வினாடியில் 0.6 பாகை. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் திரையில் அது மூன்று சென்டிமீட்டர். அந்த இடைவெளியில்தான் என் மகளின் வானவில் பூக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, இருட்டில் ஒரு தெருவிளக்கு, இவையெல்லாம் அது பூப்பதற்கு ஏற்ற மண். சிலருக்கு ஆயுளுக்கும் தெரியாது. சிலருக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும். சிலருக்கு வானவில் தெரியாமல் தலைவலி மட்டும் வரும்; என் மனைவி அந்த ரகம். ஒரே சோபாவில் மூன்று பேர், ஒரே படம், மூன்று அனுபவம். 1954இல் ஏவிஎம் செலவழிக்காத கலருக்கு என் பெட்டி தன் கையிலிருந்து செலவழித்திருக்கிறது.

கடைக்குப் போனேன். தம்பி பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுதா சார்?"

"எனக்குத் தெரியல தம்பி. பொண்ணுக்குத் தெரியுது."

"அப்ப பாப்பா கண்ணத்தான் சார் ஒருவாட்டி செக் பண்ணணும்."

ஒரு வியாபாரி தன் சரக்கை மறந்து வாடிக்கையாளரின் குழந்தைக்காகக் கவலைப்படுவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். கண் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்றார் டாக்டர். கோளாறே அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்று அதே டாக்டரிடம் அப்பாவையும் காட்டினோம். அவருக்கு வலக்கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம். வீட்டுக்கு வந்ததும் திரைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். "ஏண்டா, இந்தக் கண்ணுக்கு வேட்டி நீலம் போட்ட மாதிரி இருக்கு. இந்தக் கண்ணுக்குப் பழுப்பா இருக்கே. எதுடா நெசம்?" வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளடித்து நீலத்தைக் குறைத்துக் காட்டும்; அதை எடுத்துவிட்டுப் புதியது வைத்தால் நீலம் பளிச்சென்று திரும்பி வரும். ஒரே தலையில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு கண்ணுக்கே ஒத்துப்போகவில்லை. ஆனால் கடை ஓனரின் கண் எனக்குப் பொருந்தும், விமர்சகர் தம்பியின் கண் உங்களுக்குப் பொருந்தும். கண்ணாடியைக்கூட இரவல் போட்டுக்கொள்ள யோசிக்கும் ஊரில் கண்ணையே இரவல் தருகிறார்களே, எப்பேர்ப்பட்ட மனசு!

வானவில் பிடிக்காதவர்களுக்கு வேறு மருந்தும் கடையில் உண்டு. மூன்று எல்சிடி பலகை வைத்த பெட்டி. மூன்று நிறமும் ஒரே சமயத்தில் வரும், வானவில்லுக்கு வேலை இல்லை. அதற்குப் பதிலாக வேறு சீர்வரிசை கொடுப்பார்கள். மூன்று பலகையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் வெள்ளை எழுத்தின் ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறுபக்கம் நீலக் கரை. வேட்டிக்குக் கரை இருப்பதுபோல் எழுத்துக்கும் இருந்தால் என்ன என்பது இதன் தத்துவம். பழைய பெட்டிகளிலும் விலை குறைந்தவற்றிலும் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி தெரிந்து, கொசுவலைக்குள் உட்கார்ந்து படம் பார்க்கும் சுகம் கிடைக்கும். உள்ளே தூசி புகுந்து ஒரு பலகையில் உட்கார்ந்தால், இருட்டுக் காட்சியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு மங்கல் பொட்டு, அமாவாசையிலும் நிலா. இவற்றில் எது உங்களை உறுத்தும், எது உறுத்தாது என்று உங்கள் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு அருட்கொடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினிமா வினாடிக்கு 24 படம், பெட்டி 60. கணக்குச் சரிவர ஒரு படத்தை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டினால் கேமரா நகரும்போது படம் லேசாகத் திக்கும். அந்தத் திக்கலைப் போக்க, நடுவில் இல்லாத படங்களைப் பெட்டியே கற்பனை செய்து செருகும் வசதி ஒன்று உண்டு. அதைப் போட்டால் கோடிகள் கொட்டி எடுத்த படம், மத்தியானம் ஒளிபரப்பாகும் மெகா சீரியலாக மாறிவிடும். ஓடுகிறவன் காலைச் சுற்றி ஓர் ஒளிவட்டமும் இலவசம். அடுத்தது, பெட்டியை எந்த மூலையில் வைத்தாலும் கோணலை நிமிர்த்தித்தரும் "கீஸ்டோன்". நிமிர்த்துவதற்காகப் படத்தைப் பலகைக்குள்ளேயே சுருக்கி நசுக்கும். பல புள்ளிகள் வேலையிழந்து ஓரத்தில் சாம்பல் சட்டமாக நிற்கும். எழுத்துகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். படத்தின் சட்டம் மட்டும் நேராக இருக்கும். சட்டம் நேராக இருந்தால் போதாதா?

இவ்வளவு செய்கிறவர்களுக்கு நாம் கைமாறாக நல்ல வாடிக்கையாளர்களாகவாவது நடந்துகொள்ள வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட மரியாதைகள் சில.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் சொந்தப் படம் கொண்டுபோகாதீர்கள். அதிலும் நீங்கள் நாற்பது தடவை பார்த்த படமாக இருந்தால் கடைக்காரரின் மனம் புண்படும். கறுப்பு வெள்ளைப் படம் கூடவே கூடாது. நிறமே இல்லாத படத்தில் எந்த நிறம் தெரிந்தாலும் அது பெட்டியின் நிறம் என்று குழந்தைக்கும் விளங்கிவிடும். முழுக் கறுப்பான ஒரு படத்தைப் போடச் சொல்லாதீர்கள். மூலையில் வெளிச்சம் கசிவதும் தூசிப் பொட்டும் அவர்கள் குடும்ப விஷயம். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மெல்லிய கோடுகள் நிறைந்த படத்தை லேப்டாப்பிலிருந்து அனுப்பாதீர்கள். "4கே சப்போர்ட்" பெட்டியில் அந்தக் கோடுகள் சாம்பலாகக் குழைந்து காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை மெல்ல வெளுக்கும் பட்டையைப் போட்டு, அது வழுக்கிக்கொண்டு போகிறதா, படிப்படியாக இறங்குகிறதா என்று எண்ணாதீர்கள். படிக்கட்டு வீட்டுக்கு அழகு.

"டைனமிக்" பயன்முறையை மாற்றச் சொல்லாதீர்கள். அந்தப் பச்சை தட்டிய வெளிச்சத்தில்தான் லூமன் கணக்கு வாழ்கிறது. "சினிமா" என்று மாற்றினால் கணிசமாகக் குறையும், நிறம் மட்டும் சரியாகிவிடும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பெட்டியின் மின்விசிறி இரைவது கேட்டுவிடும். உங்கள் வீட்டில் எத்தனை அடி தள்ளி உட்காருவீர்களோ அத்தனை அடியை டேப் வைத்து அளக்காதீர்கள். அறை விளக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள், அணைத்தும் பார்க்காதீர்கள். அவர்கள் வைத்தது வைத்தபடி இருக்கட்டும். திரையில் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று கண்ணை ஓட்டாதீர்கள். வெளிச்சத்தில் விரலை ஆட்டாதீர்கள். அரைமணி நேரம் உட்காராதீர்கள். தலைவலி வருவதற்கு அவ்வளவு நேரம் ஆகும், மூன்று நிமிடத்தில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் யார் யார் பார்க்கப்போகிறார்களோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். என் மகளை அன்று கூட்டிப்போயிருந்தால் அந்தத் தம்பிக்கு ஒரு விற்பனை போயிருக்கும். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

தம்பிக்கு நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. வானவில் எனக்கு இன்றுவரை தானாகத் தெரிந்ததில்லை. விரலை ஆட்டாமல் விட்டிருந்தால் எனக்குக் குறையே இருந்திருக்காது. என் வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் கண் இல்லை என்றால் அது மிகச் சிறந்த பெட்டிதான்.

இப்போது எங்கள் வீட்டில் படம் பார்ப்பது பழைய டிவியில். புரொஜெக்டர் சும்மா கிடக்கவில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அதில் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டுப் போட்டுவிட்டு, ஈஸிசேரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கடைக்காரத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.